ஒல்லியானவருக்கும் சுகர் ஏன் வருகிறது? கொழுப்பு சுரக்கும் ஒரு ஹார்மோனின் கதை

மதுரை தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் அது சுகரில் வந்து நிற்கும். அதிலும் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும்: "அண்ணே, நான் என்ன குண்டாவா இருக்கேன்? எனக்கு எப்படிண்ணே சுகர் வந்துச்சு?" கேட்பவரைப் பார்த்தால் நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். கை கால் ஒல்லி, கன்னம் ஒட்டியிருக்கும், எடை 65 கிலோவைத் தாண்டாது. சட்டைக்குள் மட்டும் சின்னதாக ஒரு தொப்பை. கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 130, ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 200க்கு மேல், நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் ஹெச்டிஎல் 40க்குக் கீழ், ஸ்கேனில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1".

இந்த நான்கையும் நான்கு வியாதிகளாக நினைத்து நாலு மாத்திரை கேட்பவர்கள் உண்டு. நான்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அந்த இடம் சட்டைக்குள் இருக்கும் அந்தச் சின்னத் தொப்பை. அது எப்படிக் கல்லீரலையும் ரத்தச் சர்க்கரையையும் கெடுக்கிறது என்று புரிந்துகொள்ள, அடிபோனெக்டின் என்ற ஹார்மோனைத் தெரிந்துகொள்வது நல்லது. பெயர் நாக்கில் புரளாது, பரவாயில்லை. விஷயம் அவ்வளவு கடினமில்லை.

கொழுப்பு என்றால் உடம்பு மிச்சம் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய், அவ்வளவுதான் என்றே மருத்துவ உலகமும் ரொம்ப காலம் நினைத்திருந்தது. 1994இல், கொழுப்புச் செல் சுரந்து பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த எண்ணம் மாறியது. கொழுப்புச் செல்கள் ரத்தத்துக்குள் ஹார்மோன் சுரக்கின்றன, மூளையோடும் கல்லீரலோடும் தசையோடும் ஓயாமல் தொடர்பில் இருக்கின்றன என்று தெரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1995லும் 1996லும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்த குழுக்கள் அடிபோனெக்டினைக் கண்டுபிடித்தன. கொழுப்புச் செல்தான் இதை முக்கியமாகச் சுரக்கிறது. ஹார்மோன்களுக்குள் இதன் அளவு மிகவும் அதிகம். ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் லெப்டின் நானோகிராம் கணக்கில் இருக்கும்; அடிபோனெக்டினோ சாதாரணமாக 3 முதல் 30 மைக்ரோகிராம் வரை இருக்கும். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக இருக்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. கொழுப்பு சுரக்கும் பொருள் என்றால், கொழுப்பு கூடக் கூட அதுவும் கூடவேண்டும் அல்லவா? லெப்டின் அப்படித்தான் கூடுகிறது. அடிபோனெக்டின் குறைகிறது. 1999இல் ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உடல் பருத்தவர்களின் ரத்தத்தில் அது குறைவாக இருந்தது. அதிலும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு கூடும்போதுதான் இந்தக் குறைவு நன்றாகத் தெரிகிறது.

ஏன் குறைகிறது என்பதற்கான பதிலில்தான் அழற்சி வருகிறது.

அழற்சி என்றதும் காலில் முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிப்பது நினைவுக்கு வரும். அது நல்ல அழற்சி. கிருமியை அடித்துத் துரத்திவிட்டு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். தொப்பைக் கொழுப்பில் நடப்பது வேறு மாதிரி. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, ஆனால் வருடக்கணக்கில் அடங்காது. கொழுப்புச் செல் அளவுக்கு மீறிப் பருக்கும்போது அதற்குப் போதிய ரத்தம் கிடைப்பதில்லை. சில செல்கள் நசிந்து சாகின்றன. செத்த செல்லை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து அதைச் சுற்றி வளையமாக உட்கார்ந்துகொள்கின்றன. பருத்த உடலின் கொழுப்பில் இந்தச் செல்கள் பெருகிக் கிடப்பதை 2003இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எடுத்துக்காட்டின. இவை டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லியூகின் 6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கக்குகின்றன. கொழுப்பிலிருந்து டிஎன்எஃப் வருகிறது, அது இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்பது 1993லேயே எலிகளில் தெரிந்துவிட்டது. அதே டிஎன்எஃப் பக்கத்துக் கொழுப்புச் செல்லைத் தாக்கி, அடிபோனெக்டின் சுரப்பையும் குறைத்துவிடுகிறது.

சரி, குறைந்தால் என்ன? அடிபோனெக்டின் செய்துகொண்டிருந்த வேலைகளைப் பார்த்தால் தெரியும். தசையில் அது கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது. கல்லீரலில் தேவையில்லாமல் சர்க்கரை தயாராவதைக் குறைக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளை 2003இல் டோக்கியோ ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒன்று தசையில் அதிகம், மற்றது கல்லீரலில் அதிகம். செல்லுக்குள் தேங்கி இன்சுலினைக் கெடுக்கும் செராமைடு என்ற கொழுப்பு வகையைச் சிதைக்கவும் இந்த ஏற்பிகள் உதவுகின்றன. அப்புறம், மேக்ரோஃபேஜ் செல்கள் டிஎன்எஃப் கக்குவதை அடிபோனெக்டின் மட்டுப்படுத்துகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் வெள்ளை அணுக்கள் வந்து ஒட்டிக்கொள்வதையும் குறைக்கிறது. அப்படியானால் அழற்சி கூடும்போது அடிபோனெக்டின் குறைகிறது. அடிபோனெக்டின் குறையும்போது அழற்சியை அடக்க ஆள் குறைகிறது. ஒன்றையொன்று வளர்த்துவிடும் இந்தச் சுழற்சி, ஒரு வலியும் இல்லாமல் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். கடைசியில் ஒரு நாள் மாஸ்டர் செக்கப்பில் சுகர் என்று தெரியவரும்.

இவ்வளவும் குண்டாக இருப்பவர்களுக்குத்தானே பொருந்தும், தெப்பக்குளத்து ஒல்லி அண்ணனுக்கு எப்படி? நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழுப்பைச் சேமிக்க உடம்புக்குப் பாதுகாப்பான இடம் தோலுக்கடியில் இருக்கிறது: தொடை, பிட்டம், கை. அதைக் குதிர் என்று வைத்துக்கொள்வோம். சிலர் வீட்டில் குதிர் பெரிது, எவ்வளவு நெல் வந்தாலும் கொள்ளும். சிலர் வீட்டில் சின்னது; சீக்கிரம் நிறைந்து, மிச்ச நெல் அடுப்படியிலும் படுக்கிற இடத்திலும் கொட்டிக் கிடக்கும். தெற்காசியர்களான நமக்குத் தோலடிச் சேமிப்பு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது என்பதற்கு நிறைய சான்று இருக்கிறது. மிச்சக் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் போய்ப் படிகிறது. எடைக்கருவி இதைச் சொல்லாது. மொத்தக் கிலோ எவ்வளவு என்று காட்டும், கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் சேர்ந்து 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றுதான், 22.3. பார்வைக்கும் ஒரே மாதிரி மெலிந்த ஆட்கள். ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இது பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதையும் யாஜ்னிக் குழு காட்டியிருக்கிறது. புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்குச் சுமார் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசையும் உறுப்புகளும் நன்றாகக் குறைந்திருந்தன. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. சோழவந்தான் வயலில் நாற்று நட்டு, அரை வயிறு சாப்பிட்டு வளர்ந்த ஒரு அம்மாவுக்குப் பிறந்த பையன், இன்று நாள் முழுக்கக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான், இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிடுகிறான் என்றால், அவன் உடம்பு பழகாத ஒரு சுமை அதன்மேல் ஏறுகிறது. இதில் அவன் குற்றம் என்று சொல்ல ரொம்பக் குறைவாகவே இருக்கிறது. சுகர் வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடிபோனெக்டின் விஷயத்திலும் இதே கதைதான். ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட இந்திய வம்சாவளியினருக்கு அது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சென்னையில் சி. சினேகலதா, ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் அடிபோனெக்டின் குறைவாக இருந்தவர்களுக்கே பின்னால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. டாக்டர் வி. மோகன் குழுவினரின் சென்னை ஆய்வும், அடிபோனெக்டின் குறைவும், தொப்பை, சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு எல்லாம் சேர்ந்து கெடும் வளர்சிதை மாற்றக் கோளாறும் சேர்ந்தே வருவதை 2005இல் காட்டியது. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. அதே ஆய்வில் பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். குண்டானவர்களைவிடத் தொப்பை உள்ளவர்கள் அதிகம் என்று அர்த்தம்.

கொழுப்பின் அளவைவிட இடம்தான் முக்கியம் என்பதை 2007இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஷெரர் குழு செய்த எலி ஆய்வைப் போல வேறெதுவும் எனக்குப் புரியவைத்ததில்லை. லெப்டின் இல்லாமல் பிறந்து, ஓயாமல் தின்று, பருத்து, சுகரும் வந்துவிடும் எலி வகை ஒன்று உண்டு. அதற்கு அடிபோனெக்டின் மட்டும் கூடுதலாகச் சுரக்கும்படி மரபணுவை மாற்றினார்கள். எலி மெலியவில்லை. முன்பைவிட இன்னும் ஏகத்துக்குப் பருத்தது. ஆனால் சர்க்கரை சரியானது, கல்லீரல் கொழுப்பு குறைந்தது, கொழுப்புக்குள் இருந்த அழற்சியும் தணிந்தது. கூடுதல் கொழுப்பெல்லாம் தோலடிக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமும் வேண்டும். எலிக்குச் சரிவந்தது மனிதருக்கு அப்படியே வந்துவிடாது. அடிபோனெக்டின் பிறவியிலேயே குறைவாகச் சுரக்கும் மரபணு வகை உள்ளவர்களை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு அவர்களிடம் சர்க்கரை நோய் கூடவில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால்தான் அடிபோனெக்டின் குறைகிறது என்ற பக்கமே சான்றுகள் அதிகம் சாய்கின்றன. இன்னொன்று: இதய பலவீனம் உள்ளவர்களிடமும் சிறுநீரகம் கெட்டவர்களிடமும் அடிபோனெக்டின் கூடியிருக்கும், அப்படிக் கூடியிருப்பவர்களில் இறப்பும் அதிகம். முடக்குவாத மூட்டுகளிலும் அது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே "கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது" என்று ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் கருத்து என்னவென்றால், உடம்புக்குள் கொழுப்பு தவறான இடத்துக்குப் போகிறது என்பதற்கு அடிபோனெக்டின் குறைவு நல்ல அடையாளம். அதையே துரத்திப் பிடித்துக் கூட்டவேண்டிய பொருளாக நினைப்பது சரியில்லை.

அதனால்தான் காசு கொடுத்து அடிபோனெக்டின் டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை என்கிறேன். ஆராய்ச்சிக்கு அது வேண்டும். உங்களுக்கும் எனக்கும் சிகிச்சை முடிவு செய்ய எந்த மருத்துவரும் அதைப் பார்ப்பதில்லை. அதைக் கூட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் பொடிக்கும் மாத்திரைக்கும் பணம் தராதீர்கள். அடிபோனெக்டினையே மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை இன்று கிடையாது. சுகருக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன் மாத்திரை அதைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அது எடையைக் கூட்டும், கால் வீக்கம் வரவைக்கும், இதய பலவீனம் உள்ளவர்களுக்கு ஆகாது. யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.

அந்த டெஸ்ட் சொல்ல வருவதைத் தையல்கடை இஞ்ச் டேப் பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் அளக்கும் விதம் முக்கியம். நம் ஊர் ஆண்களிடம் இடுப்பளவு கேட்டால் பேன்ட் சைஸைச் சொல்வார்கள்: "முப்பத்தி நாலு". பேன்ட்டோ தொப்பைக்குக் கீழே இடுப்பெலும்பில் நிற்கிறது. தொப்பை வளர வளரப் பேன்ட் இறங்கிக்கொள்ளும், சைஸ் மாறாது. இருபது வருடமாக ஒரே சைஸ் என்று பெருமைப்படுபவர் வயிற்றை அளந்தால் 39 இருக்கும். சட்டையை விலக்கிவிட்டு நேராக நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பைத் தடவிப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் தடவிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் டேப் இறங்காமல் தரைக்கு மட்டமாக இருக்கவேண்டும். வயிற்றை எக்காமல், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு அளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை இஞ்ச். பெண்களுக்கு 80 செ.மீ., முப்பத்தொன்றரை இஞ்ச். இதைத் தாண்டினால் எடை சரியாக இருந்தாலும் கவனிக்கவேண்டும். பிஎம்ஐ கணக்கிலும் நமக்கு 23 தாண்டினாலே கூடுதல்தான். வெளிநாட்டு அட்டவணையில் உள்ள 25 நமக்குப் பொருந்தாது.

கூடவே கையில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். இடுப்பளவு கூடுதல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ், பிரஷர் 130க்கு 85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதுதான் வளர்சிதை மாற்றக் கோளாறு. சுகர் இன்னும் வரவில்லை என்றாலும் மேலே சொன்ன சுழற்சி உள்ளே தொடங்கிவிட்டது. அழற்சியைப் பார்க்க ஹெச்எஸ்-சிஆர்பி என்ற டெஸ்ட் உண்டு. இன்டர்லியூகின் 6 தூண்டியதும் கல்லீரல் சுரக்கும் பொருள் இது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் நல்லது, 3க்கு மேல் என்றால் இதயத்துக்கு ஆபத்து அதிகம். ஆனால் சளி, காய்ச்சல், ஈறு வீக்கம், சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டுவலி என எது இருந்தாலும் இது ஏறிவிடும். 10க்கு மேல் போனால் பயப்படாமல், உடம்பு தேறியபின் மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும்.

இனி, சுழற்சியை எங்கே வெட்டுவது? எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே முதலில் கரைவது கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் உள்ள கொழுப்புதான். 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. நன்றாக இறங்கினால் அடிபோனெக்டினும் கூடுகிறது, சிஆர்பி இறங்குகிறது. வெறும் நடையால் அடிபோனெக்டின் பெரிதாகக் கூடாமல் போகலாம். ஆனால் நடக்கும் தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால் நடை வீணாகாது. பீடி சிகரெட்டை விட்டால் அடிபோனெக்டின் கூடும் என்பதும் தெரிந்ததுதான். ராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று வருடம் வரை பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மட்டுமே சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதவீதம் குறைத்தது. பளு தூக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்வது நமக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் தசை குறைவுதான் நம் பிறவிக் குறை.

சாப்பாட்டில் எனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு ராச்சாப்பாட்டுக் கடைகள் பெருமைதான், ஆனால் தினம் பத்து மணிக்குமேல் மைதாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுப்பது கல்லீரலுக்குக் கெடுதல். வாரத்தில் ஒரு நாள் போதும். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் குதிரைவாலி நல்ல தானியம். அதையும் தட்டு நிறையக் குவித்துச் சாப்பிட்டால் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டலோ பாசிப்பயறோ முட்டையோ மீனோ கீரையோ வைப்பதுதான் நம்மால் செய்ய முடிந்த மாற்றம். பெண்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாதவிலக்கு நின்றபின் தொடையில் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறத் தொடங்கும். எடை ஏறாமலே சேலைக்கட்டு இறுகும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் அப்போது ஒருமுறை சுகரும் பிரஷரும் பார்த்துவிடவேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்களே சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். 30 வயது தாண்டியவர்களுக்கான தேசிய மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்பளவுக்கென்றே மதிப்பெண் உண்டு. ஆண்களுக்கு 90 செ.மீ. வரை பூஜ்யம், 91 முதல் 100 வரை 1, அதற்கு மேல் 2. பெண்களுக்கு 80 வரை பூஜ்யம், 81 முதல் 90 வரை 1, அதற்கு மேல் 2. வயது, புகை, மது, உடலுழைப்பு, குடும்பத்தில் சுகரோ பிரஷரோ இருக்கிறதா என்பவற்றையும் கூட்டி 4க்கு மேல் வந்தால் முதலில் பரிசோதிக்கவேண்டியவர் பட்டியலில் சேர்ப்பார்கள். உங்கள் பகுதி நர்ஸிடம் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தால், ஒல்லியாக இருக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அளக்கச் சொல்லுங்கள்.